வயதைக் காட்டும் முகமும் மறைக்கும் சிறகும்

மரக்காணத்து உப்பளக் கரையில் பறவையும் மனிதனும் ஒரே வெயிலில்தான் மூப்படைகிறார்கள். மூப்பின் அடையாளம் மட்டும் ஏன் மனிதன் மேனியிலேயே தங்கிவிடுகிறது?

சென்னையிலிருந்து புதுவைக்குக் கடலோரமாகச் செல்லும் பெருவழியில் மரக்காணத்தை நெருங்கும்போது, தோப்புகளும் வயல்களும் மெல்லப் பின்வாங்கி, வானத்தின் ஒளியை வாங்கிய வேகத்திலேயே திருப்பி அனுப்புகின்ற உப்புப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கக் காண்கிறோம். பழைமை மிக்க கரை இது. நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகின்ற எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து கடலை ஒட்டி வெட்டி வரப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் தன் நெடும்பயணத்தை இந்த வட்டாரத்திலேதான் முடித்துக்கொள்கிறது. ஊருக்குத் தென்மேற்கே, எடையந்திட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடலோடு உறவு கொண்ட கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி விரிந்திருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நீர்ப்பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

மழைக்காலம் ஓய்ந்து, பாத்திகளை மிதித்துச் சமன்செய்து, உப்பு நீரைக் கட்டத் தொடங்கும் தை மாசி மாதங்களில் இந்தக் கரையில் இரு வகை ஜீவன்கள் ஒருங்கே நிற்கின்றன. ஆழமற்ற நீரில் தலைகீழாக அலகை அமிழ்த்தி இரை தேடும் பூநாரைக் கூட்டம் ஒரு பக்கம். வாருபலகையும் கூடையுமாக வரப்புகளில் நடமாடும் உப்பளத் தொழிலாளர் மறுபக்கம். அந்தக் கூட்டத்தில் எந்தப் பூநாரைக்கு ஏழு வயது, எதற்கு முப்பது வயது என்று கேட்டால், வாழ்நாள் முழுதும் பறவைகளைப் பார்த்துப் பழகியவரும் விடை சொல்லத் திகைப்பார். வரப்பில் நடக்கும் பெண்களைக் காட்டிக் கேட்டாலோ, அவர்களை முன்பின் அறியாதவனும் ஒரு கணத்தில் வயதைச் சொல்லிவிடுவான். ஆனால் அவன் சொல்லும் வயது பெரும்பாலும் உண்மையான வயதுக்கு மேற்பட்டதாகவே இருக்கும். ஒன்றின் மேனி காலத்தை மறைக்கிறது. மற்றொன்றின் மேனி கழியாத காலத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நரையில் தொடங்கும் இளமை

மனிதனுக்கு நரை முதுமையின் கொடி. பூநாரைக்கோ அது குழந்தைப் பருவத்தின் ஆடை. குஞ்சு சாம்பல் நிறத்தில் வளர்கிறது. ஆண்டுகள் சில சென்று, பருவம் எய்திய பின்னரே வெண்மையும் செம்மையும் கலந்த அந்தப் பிரசித்தமான வர்ணம் அதற்கு வாய்க்கிறது. அந்தச் செம்மையும் பறவை தானாக உண்டாக்கிக்கொள்வதன்று. உவர்நீரில் வாழும் நுண்ணிய பாசிகளும், அப்பாசிகளைத் தின்று வளரும் சின்னஞ்சிறு இறால் இனங்களும் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருளைத் தம்முள் சேமித்து வைக்கின்றன. அவற்றை உண்ணும் பூநாரையின் சிறகுகளில் அந்நிறம் படிகிறது. உப்புச் செறிவு மிகுந்த பாத்திகளில் தண்ணீர் சில வேளைகளில் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதை உப்பளத்தார் நன்கறிவர். டுனாலியெல்லா என்ற ஒரு பாசி, உப்பும் வெயிலும் கடுமையாகும்போது அந்த வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே அந்நிறத்தை மிகுதியாகத் திரட்டுகிறது என்பது விஞ்ஞானிகளின் முடிபு.

இதில் சிந்திக்கத்தக்க ஒரு விசித்திரம் உண்டு. எந்த உப்பும் எந்த வெயிலும் பாத்தியில் நிற்கும் மனிதனின் தோலைச் சுருக்குகின்றனவோ, அதே உப்பும் அதே வெயிலும் பாசியின் வழியாகப் பறவையின் யௌவனத்துக்கு வர்ணம் தீட்டுகின்றன. வர்ணம் தீட்டுவது என்பது இங்கே அலங்கார வார்த்தையும் அன்று. இனவிருத்திக் காலம் நெருங்கும்போது பூநாரை, வாலடிச் சுரப்பியில் ஊறும் நிறம் கலந்த எண்ணெயைக் கன்னத்தாலும் கழுத்தாலும் எடுத்துத் தன் இறகுகளில் பூசிக்கொள்கிறது என்று ஸ்பெயின் நாட்டில் ஆராய்ந்தவர்கள் 2010-இல் எழுதினர். கடற்காகங்களின் கதையும் ஏறக்குறைய இவ்வாறே: பழுப்புத் தெறித்த உடலோடு பிறந்து, மூன்று நான்கு ஆண்டுகள் படிப்படியாக ஆடை மாற்றி, முழு வளர்ச்சி பெற்றதும் வெண்மையும் சாம்பலும் பூண்டு, அப்பால் சாகும்வரை அந்தக் கோலத்திலேயே இருந்துவிடுகின்றன. பறவையின் வெளித்தோற்றம் குழந்தைப் பருவத்தின் ஆண்டுகளை எண்ணிக் காட்டுகிறது. பருவம் வந்தபின் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது.

இரு புகைப்படங்கள்

இவ்வுண்மையைப் பிரத்தியட்சமாகக் காட்டும் இரண்டு புகைப்படங்கள் முதுமையைப் பற்றிய ஆராய்ச்சி உலகில் பெரும் புகழ் பெற்றவை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் ஐன்ஹாலோ என்னும் மனித வாசமற்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே கூடு கட்டும் ஃபுல்மார் என்ற கடற்பறவைகளை அபர்டீன் பல்கலைக்கழகத்தார் 1950-இல் தொடங்கி ஆண்டுதோறும் கணக்கெடுத்து வந்தனர். அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஜார்ஜ் டன்னட் 1951-இல் ஒரு பறவையைக் கையிலேந்திப் படம் எடுத்துக்கொண்டபோது தலைமயிர் அடர்ந்த வாலிபர். 1986-இல் அதே பறவையை அதே கையில் ஏந்தி மீண்டும் படம் எடுத்துக்கொண்டபோது, முப்பத்தைந்து வருஷங்களும் அவர் முகத்தில் வந்து அமர்ந்திருந்தன. பறவையின் முகத்தில் ஒரு வருஷமும் அமரவில்லை.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே மிட்வே தீவில் விஸ்டம் எனப் பெயரிடப்பட்ட லேசான் அல்பட்ராஸ் ஒன்றின் சரித்திரமும் இத்தகையதே. 1956-இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலறிஞர் அதன் காலில் வளையமிட்டார். 2002-இல் அதே பறவை அவர் கையில் மறுபடியும் அகப்பட்டது. அவர் 98 வயதில் 2017-இல் காலமான பிறகும் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. எழுபத்து நான்கு வயது மதிக்கத்தக்க நிலையில் 2024-இன் இறுதியிலும் முட்டையிட்டது. கால்வளையத்தின் எண்ணை நீக்கிவிட்டால், பக்கத்துக் கூட்டில் முதன்முதலாக முட்டையிட வந்த இளம் பறவையிலிருந்து அதைப் பிரித்தறிய எவராலும் இயலாது. நம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு வருவதன் தேவையும் இதனால் விளங்கும். பறவையின் வயதைப் பறவையிடம் கேட்டறிய வழியில்லை. மனிதன் மாட்டிய உலோகத் துண்டுதான் சொல்லவேண்டும்.

இதனால் பறவைகளுக்கு மூப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. இறகு உயிரற்ற பொருள். தேய்ந்ததும் உதிர்ந்து, ஆண்டுதோறும் புதியது முளைக்கிறது. அதனால் பறவையின் வெளித்தோற்றத்துக்கு எப்போதும் ஓராண்டு வயதுக்குமேல் ஆவதில்லை. உள்ளே இயங்கும் இருதயமும் கண்ணும் அப்படிப் புதுப்பிக்கப்படுவனவல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் மிருகக்காட்சிசாலையில் குறைந்தது 83 வயது வாழ்ந்து 2014-இல் இறந்த பூநாரை, தன் கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கி வாழ்ந்தது. பிரான்ஸ் தேசத்துத் தென்கரையிலுள்ள கமார்க் சதுப்பு நிலத்தில் 1977 முதல் வளையமிடப்பட்டு வரும் பூநாரைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வலசை போகாமல் ஓரிடத்திலே தங்கிவிடும் பறவைகள் இளமையில் சுகமாக வாழ்ந்தாலும் பிற்காலத்தில் விரைந்து தளர்வதாகவும், கடல் கடந்து அலையும் பறவைகள் இளமையில் அல்லலுற்றாலும் மெதுவாக மூப்படைவதாகவும் கண்டறிந்தனர். கழுவெளிக்கு வரும் கூட்டத்திலும் தளர்ந்தவை இருக்கும். அத்தளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

பல் பார்ப்பவர்

பறவையை விட்டு மண்ணில் உலவும் பிராணிகளிடம் வந்தாலும், வயது முகத்தில் எழுதப்படுவது அபூர்வம் என்பதை நம் குடியானவர் நெடுங்காலமாக அறிவர். மாட்டுச் சந்தையில் தரகர் மாட்டின் முகத்தைப் பார்த்து வயது சொல்வதில்லை. இடக்கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வலக்கையின் விரல்களைக் கடைவாயில் நுழைத்து, கீழுதட்டைச் சற்றே தாழ்த்தி, முன்பற்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணிவிடுகிறார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையின் எட்டுப் பற்களிலேதான் ஜாதகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பால்பல் விழுந்து நடுவிலுள்ள இரண்டு மட்டும் பெரிதாக முளைத்திருந்தால் “ரெண்டு பல்லு” என்பார். அப்பால் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்று பொருள், வயது நாலு ஐந்தாகிவிட்டது என்பது கணக்கு. அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்தே மதிப்பிட வேண்டும். பசுவானால் கொம்பின் அடியில் விழும் வளையங்களை எண்ணி எத்தனை ஈற்று என்றும் ஊகிப்பார். விலை பேசும்போது துண்டுக்குள் விரல் பிடிக்கும் இரகசியம் மனிதருக்குள்தான். மாட்டின் வாயில் இரகசியம் ஏதுமில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்னும் பழமொழி பிறந்ததும் இந்தப் பழக்கத்திலிருந்தே.

கொம்பைச் சீவி வர்ணம் பூசி வளையத்தை மறைக்கும் வியாபாரியும் உண்டு. நரைக்குச் சாயம் பூசும் மனிதர் அவனைக் குறைகூற முடியாது. ஆயினும் உழவு மாட்டின் மேனியில் எவரும் மறைக்கவியலாத ஓர் அடையாளம் உண்டு. அதுதான் நுகத்தடி அழுந்திய கழுத்துக் காய்ப்பு. அது வயதின் அடையாளமன்று, உழைப்பின் அடையாளம். ஏர் பூட்டாத மாட்டுக்கு இருபது வயதானாலும் அது வருவதில்லை. வயது வேறு, உழைப்பு வேறு என்ற இந்தப் பாகுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உப்பளத்துக்குத் திரும்பும்போது அது நமக்குத் தேவைப்படும்.

கடலுக்குள் போனால் அடையாளம் இன்னும் ஆழத்தில் மறைகிறது. மீனின் வயதை அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை அறுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ணி அறிகிறார்கள். தை முதல் பங்குனி வரை இக்கடற்கரையின் மணலேறி முட்டையிடும் பங்குனி ஆமையின் வயதையோ, இறந்து கரையொதுங்கிய பின் அதன் முன்காலின் எலும்பை அறுத்துத்தான் மதிப்பிட முடிகிறது. ஆமைக் குலம் முதுமையின் பொதுவிதிகளுக்கே ஓரளவு விலக்கானது. மிருகக்காட்சிசாலைகளில் வளரும் 52 ஆமை இனங்களின் பதிவுகளைப் பரிசீலித்து 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவற்றுள் ஏறக்குறைய முக்கால் பங்கு இனங்களில் வயது ஏறியும் மரண அபாயம் மிக மெதுவாகவே கூடுகிறது, அல்லது கூடுவதேயில்லை என்று கண்டது. தோலெல்லாம் சுருக்கமாகவே பிறந்து, சுருக்கத்தோடே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஆப்பிரிக்கத் துன்னெலி ஒன்றும் இவ்வகையைச் சேர்ந்தது. தோலின் சுருக்கத்தை முதுமையின் சாட்சியாகக் கொள்ளும் நம் வழக்கம் அதனிடம் முற்றிலும் பொய்த்துப் போகிறது.

காப்பாற்றப்பட்டவர்க்கே கிழத்தனம்

டன்னட் முதற்படம் எடுத்துக்கொண்ட அதே 1951-ஆம் ஆண்டில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீட்டர் மெடாவர் என்னும் அறிஞர் முதுமையைப் பற்றி ஒரு பேருரை நிகழ்த்தினார். பரிசோதனைச் சாலையிலுள்ள கண்ணாடிக் குழாய்களை அவர் உதாரணமாகக் கொண்டார். குழாய்கள் பழையன ஆவதில்லை, ஆனால் கைதவறி உடைகின்றன. ஆகவே எந்தச் சமயத்திலும் புதுக்குழாய்கள் பலவும், நெடுநாள் உடையாமல் தப்பியவை சிலவுமாகவே இருக்கும். காட்டுப் பிராணிகளின் நிலையும் அதுவே. பசி, பகை, பிணி, புயல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, தளர்ச்சி தலைகாட்டுவதற்கு முன்னரே பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய்விடுகிறது. அந்தப் பின்வயதில் விளையும் கேடுகளைக் களைய இயற்கைத் தேர்வுக்கு வாய்ப்பே கிட்டுவதில்லை. இதற்குப் பத்தாண்டு முன்னரே இக்கருத்தின் வித்தை ஊன்றியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் அவர் இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்ந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார் என்பது நம்மவர்க்கு உவகை தரும் செய்தி.

இக்கருத்தை ஒப்புக்கொண்டால் மற்றொன்றும் விளங்கும். எந்தப் பிராணியை மனிதன் தன் பாதுகாப்பில் வைத்துக்கொள்கிறானோ, அந்தப் பிராணியிடமே முதுமை கண்ணுக்குத் தெரியும்படி முதிர்கிறது. கோயில் யானையை எடுத்துக்கொள்வோம். வயது ஏற ஏறக் காதின் மேல்விளிம்பு மடிந்து சுருளும். துதிக்கையிலும் காதிலும் கருமை நீங்கி இளஞ்சிவப்புத் திட்டுகள் படரும். நெற்றிப் பொட்டு குழியும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் மாறி வருகின்றன. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் காட்டு யானைக்குப் பட்டினிதான் முடிவு. திருவிதாங்கூர் தேவஸ்வத்தின் தாட்சாயணி என்னும் யானையோ, மெல்லும் சிரமம் கருதிக் கேரட்டும் அன்னாசியும் போன்ற மென்மையான ஆகாரம் அளித்துப் பேணப்பட்டு, 88 வயது எனக் கணக்கிடப்பட்ட நிலையில் 2019-இல் இறந்தது. காட்டில் அந்த வயதின் கோலத்தைக் காண நமக்கு வாய்ப்பே இருந்திராது.

வீட்டு நாயின் முகவாய் நரைப்பதும் இத்தகைய பராமரிப்பின் பயனே. ஆனால் அங்கும் நரை வயதை மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 400 நாய்களைக் கவனித்து 2016-இல் எழுதப்பட்ட ஆராய்ச்சி, ஒன்று முதல் நான்கு வயதுக்குள்ளேயே முகவாய் நரைத்த நாய்கள் பெரும்பாலும் அச்சமும் பதற்றமும் மிகுந்த சுபாவமுடையவை என்று கண்டது. நமக்கு மிக நெருங்கிய உறவினமாகிய சிம்பன்சியின் முகமயிரோ நடுவயது வரையில் நரைத்து, அதன்பின் நரைப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது; அதைக்கொண்டு அதன் வயதைச் சொல்ல முயன்றவர்கள் 2020-இல் கைவிரித்துவிட்டனர். ஆண் கொரில்லாவின் முதுகில் படரும் வெள்ளி நிறமும் கிழத்தனத்தின் குறியன்று. குடும்பத் தலைமைக்குத் தகுதி பெற்றதன் குறியே.

மனித மேனி எழுதும் இரட்டைக் கணக்கு

இனி மனிதனிடம் வருவோம். அவன் ரோமத்தை இழந்தவன். வெயிலுக்கும் காற்றுக்கும் தோலை நேராகக் காட்டி நிற்பவன். அவனுடைய முகத்துத் தசைகள் தோலோடு பிணைந்திருப்பதால், சிரிப்பும் கோபமும் கூச்சமும் ஒவ்வொரு நாளும் தோலை ஒரே தடத்தில் மடக்குகின்றன. இளமையில் உடனே நிமிரும் அந்த மடிப்பு, தோலின் நெகிழ்ச்சி குன்றக் குன்ற நிரந்தர ரேகையாகிவிடுகிறது. தலைமயிரோ பருவந்தோறும் ஒட்டுமொத்தமாக உதிர்ந்து முளைக்கும் மிருக ரோமம் அன்று; ஒவ்வோர் இழையும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதற்குக் கருமை தரும் உயிரணுக்களின் மூலக் கையிருப்பு ஒருநாள் தீர்ந்தோ, நியூயார்க்கில் எலிகளை ஆராய்ந்தவர்கள் 2023-இல் விளக்கியவாறு தன் இடத்தில் சிக்கிச் செயலற்றோ போனால், அப்பால் முளைப்பது வெண்மையாகவே முளைக்கிறது. இது காலம் எழுதும் கணக்கு.

இரண்டாவது கணக்கை வெயில் எழுதுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் புகைப்படத்தை 2012-இல் ஒரு வைத்திய சஞ்சிகை வெளியிட்டது. வண்டியின் சன்னல் பக்கம் இருந்த அவருடைய இடக்கன்னம் தடித்து மடிந்து தொங்க, வலக்கன்னம் பல வருஷங்கள் இளையதாகக் காணப்பட்டது. ஒரே மனிதர், ஒரே பிறந்த தேதி, ஒரே இரத்தம். ஆயினும் அவ்விரு கன்னங்களும் தந்தையும் மகனும் ஆகிய இருவருடையவை என்று சொன்னால் நம்பிவிடலாம். தோலின் முதுமை என்று நாம் கருதுவதில் கணிசமான பங்கு காலத்தினுடையதன்று, சூரியனுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாத்தியில் நிற்கும் பாதம்

அந்த வண்டியோட்டிக்கு ஒரு பக்கத்துச் சன்னலில் மட்டுமே வெயில். உப்பளத்துத் தொழிலாளிக்கு வானத்திலிருந்து ஒரு சூரியன், பாத்தியின் வெண்மையிலிருந்து மற்றொரு சூரியன். தலையில் முண்டாசு கட்டினாலும் சும்மாடு வைத்தாலும் மேலிருந்து வரும் வெயிலுக்குத்தான் அது தடை. கீழிருந்து எழும்பும் ஒளிக்கு நெற்றியும் இமையும் கழுத்தின் அடிப்புறமும் திறந்தே கிடக்கின்றன. விடியலுக்கு முன்னரே இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிட முயல்பவர் பலர். எனினும் வாரிய உப்பை வரப்புக்குச் சேர்த்து, கூடையில் சுமந்து, அம்பாரமாகக் குவித்து முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடுகிறது.

அருகே நின்று பார்த்தால், வயதைச் சொல்லும் உறுப்பு முகம் என்பதைவிடக் காலும் கையுமே என்று தோன்றும். உவர்நீரில் மணிக்கணக்காக ஊறிய பாதத்தின் விளிம்பு வெளுத்து, குதிகால் தடித்து வெடித்து, வெடிப்புக்குள் உப்புப் புகுந்து ஆறவிடாமல் செய்கிறது. வாருபலகையின் கோல் உராயும் இடத்தில் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. இமைகளைச் சுருக்கிச் சுருக்கி, கண்ணோரத்தில் விசிறிபோல விரியும் ரேகைகளின் உட்புறம் மட்டும் வெயில் படாமல் நிறம் குன்றாதிருக்கும். சிரிப்பு மறைந்து முகம் நிமிரும்போது அந்தக் கோடுகள் தெரியும். பலருக்குக் கருவிழியின் ஓரத்தில் சதை வளர்ந்து உள்நோக்கிப் படர்கிறது. அதற்கும் வெயில், காற்று, தூசி ஆகியவையே முக்கிய காரணம். உழவு மாட்டின் கழுத்துக் காய்ப்பைப் போல இவையாவும் உழைப்பின் எழுத்துகள். பார்ப்பவர்கள்தாம் அவற்றை வயதாகப் படித்துவிடுகிறார்கள்.

பிறந்த தேதியைக் குறித்து வைக்கும் பழக்கமில்லாத குடும்பங்களில் பிறந்த மூத்தவர்கள் தம் வயதைப் புயலாலும் கல்யாணத்தாலும் கணக்கிட்டுச் சொல்வார்கள். அரசாங்கத்துக்கோ சான்றிதழ் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு அறுபது நிரம்பியிருக்க வேண்டும். உடம்பு அறுபதை எட்டிவிட்டது, காகிதம் இன்னும் எட்டவில்லை என்ற நிலையில் நிற்பவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. மழைமாதங்களில் பாத்திகள் நீரில் மூழ்கி வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தமிழக அரசு முன்வந்தது நல்ல தொடக்கம். ஆயினும் அது மழைக்கான நிவாரணம், வெயிலுக்கானது அன்று.

கிழவிகளால் தழைத்த குலம்

முதுமை வெளியே தெரிவது அவமானம் என்ற எண்ணம் சாயப்புட்டிகளாலும் முகப்பூச்சுகளாலும் பரவிவரும் இக்காலத்தில், மற்றோர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கு அருகே மணப்பாடு, ஆலந்தலைக் கடற்கரைகளில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறி, அவற்றுள் பல மாண்டுபோன துயரம் தமிழ்நாடு முழுதும் பேசப்பட்டது. 1973-இலும் அதே கரையில் அவ்வாறு நிகழ்ந்திருந்தது. அவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள். பிள்ளை பெறும் பருவம் முடிந்த பின்னும் பெண் நெடுங்காலம் வாழும் அபூர்வ இனங்களுள் அது ஒன்று. நாற்பதை ஒட்டிக் கருத்தரிப்பு நின்றுவிட, அறுபது கடந்தும் அவற்றுள் சில உயிர்வாழ்கின்றன. ஓர்க்கா முதலிய சில பல்திமிங்கிலங்களையும் மனிதனையும் தவிர, இவ்வியல்பைத் தெளிவாகக் காட்டும் உயிர்கள் மிகச் சிலவே.

தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே தங்கி ஆராய்ந்த கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலியோர், கிழங்கு தோண்டிப் பேரக் குழந்தைகளுக்கு ஊட்டும் பாட்டியராலேயே மனித ஆயுள் நீண்டது என்னும் கொள்கையை வகுத்தனர். அது முற்ற முடிந்த முடிபு அன்று. வாதங்கள் இன்னும் நிகழ்கின்றன. ஆயினும் மரக்காணத்து வீடுகளில் தாய் விடியற்காலையில் பாத்திக்குப் போன பின் குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புபவர் யார் என்று நோக்கினால், அக்கொள்கைக்கு வேண்டிய சாட்சி திண்ணையிலேயே அமர்ந்திருக்கும். நரையும் திரையும் வெளிப்படும் வயது வரை ஒருவரை வாழவைப்பது மனித சமூகத்தின் தனிச் சாதனை. அச்சாதனையில் ஒரு குறைதான் உண்டு: சிலருடைய நரைதிரையை நாம் காலத்திடம் விடாமல் வெயிலிடம் ஒப்படைத்துவிட்டோம்.

மாற்றக்கூடிய ஓர் அடையாளம்

மூப்பின் அடையாளங்களுள் பறவைக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. அது கண்ணில் விழும் மங்கல். 1832-ஐ ஒட்டிப் பிறந்ததாகக் கருதப்பட்டு, 1882-இல் செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜோனத்தன் என்னும் ஆமைக்கும் கண்ணில் புரை விழுந்தது; வீட்டு நாய்க்கும் விழுகிறது; நமக்கும் விழுகிறது. இதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகோட்டிப் பிழைக்கும் 838 பேரை ஆராய்ந்து 1988-இல் ஹ்யூ டெய்லர் குழுவினர் காட்டினர். நீரில் பட்டுத் திரும்பும் புறஊதா ஒளியை வாழ்நாளில் மிகுதியாக ஏற்ற கண்களிலேயே ஒருவகைப் புரை மிகுதியாக விழுந்திருந்தது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் சாதாரண மூக்குக் கண்ணாடியுமே அந்த ஒளியைப் பெருமளவு தடுத்துவிடும் என்பதும் அவர்கள் கண்ட செய்தி. தண்ணீரைவிட வெண்மை மிகுந்த உப்பின்மீது நிற்பவர்களுக்கு இந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விழுந்த புரையை நீக்கும் வித்தையில் தமிழ்நாடு உலகுக்கே வழிகாட்டியது. கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று புதுவையிலும் இயங்குகிறது. மரக்காணத்திலிருந்து அது தொலைதூரம் அன்று. அந்நிறுவனத்தார் 1992-இல் தொடங்கிய ஆலையில் செயற்கை விழிவில்லைகளை மலிவாகச் செய்யத் தொடங்கிய பின்னரே, ஏழைக்கும் புதுவிழி எளிதாயிற்று. மூப்பின் அடையாளங்களுள் ஒரே நாளில் துடைத்தெறியக் கூடியது இது ஒன்றே; மற்றப் பிராணிகளுக்கு அரிதாகவே வாய்க்கும் பேறு.

ஆனால் புரை விழுந்தபின் நீக்குவது சிகிச்சை. விழும் காலத்தைத் தள்ளிப்போடுவது நீதி. பாத்திக் கரையில் ஒரு நிழற்கூரை, குடிநீர், முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி, கறுப்புக் கண்ணாடி, ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை, உதவித்தொகைக்கு வயதோடு உழைத்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்கும் விதி ஆகியவற்றுள் எதுவும் அரசாங்கத்துக்கோ உப்பள முதலாளிகளுக்கோ எட்டாத செலவன்று. இவற்றால் ஒரு தொழிலாளியின் முகத்தில் எத்தனை ஆண்டுகள் குறையும் என்பதை எந்தச் சாஸ்திரமும் துல்லியமாகச் சொல்லாது. குறையும் என்பதில் மட்டும் சாஸ்திரத்துக்குச் சந்தேகமில்லை.